பூஜ்யம் மார்க் வாங்கிய அப்பாவுக்கு

அப்பா,

காலையில் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். ஓடைத் தண்ணீர் வடிந்தால் வழக்கமாகத் தூவுவதுதான். அந்த நெடி வாசல்படி ஏறியதும் அந்த வருட வெள்ளம் ஞாபகம் வந்து எனக்கு ஆத்திரம்தான் மூண்டது. உங்கள் மேலும்தான்.

சிற்றாறு கரை தாண்டி உங்கள் வீட்டுக்குள் புகுந்த அன்று, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினீர்கள். மேலே வந்து சேர்ந்தது நீங்கள் மட்டும். தென்காசியில் என் வீட்டுக்கு உங்களைக் கூட்டிவந்த பிறகு நீங்கள் குளிக்கவே இல்லை, ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வீர்கள். கட்டிலில் படுக்காமல் நாற்காலியிலேயே தூங்கினீர்கள். பக்கத்து வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தால் எழுந்து நின்றுவிடுவீர்கள். ஒரே ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே, "கை வழுக்கிட்டு" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து, வெள்ளத்தில் தப்பியவர்களின் மனநிலையை அளக்க ஒரு குழு வந்தது. கல்யாண மண்டபத்தில் உங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டார்கள். மறைப்புக்கு ஒரு திரைகூட இல்லை. டேப்லெட்டைப் பார்த்து அந்தப் பெண் வாசித்தாள்: "கடந்த மாதத்தில் நம்பிக்கையற்ற உணர்வு உங்களுக்கு எந்த அளவு ஏற்பட்டது ஐயா? ஒருபோதும் இல்லை, சில நேரம், எப்போதும்?"

"ஏட்டையாவுக்கு என்ன பயம்? எத்தன ரவுடியப் பாத்தவுக" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

காக்கியைக் கழற்றி எத்தனையோ வருடம் ஆகியும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "இல்லம்மா. நல்லா இருக்கேன்." தூக்கம் வருகிறதா? "நல்லா வருது." இறந்தவர்களின் நினைவு தொந்தரவு செய்கிறதா? "அதெல்லாம் இல்ல."

நான் குறுக்கே விழுந்தேன். "பொய் சொல்லுதாவ. கட்டில்ல படுக்க மாட்டேங்காவ, குளிக்க மாட்டேங்காவ. அத எழுதுங்க."

"அவங்க வாயால சொல்றததான்க்கா போட முடியும். மார்க் அதிகமா வந்தாத்தான் டாக்டர் பார்ப்பாங்க. அப்பாவுக்குப் பூஜ்யம். நல்லதுதானே?"

வெளியே வந்ததும் என்னைத்தான் திட்டினீர்கள். "ஏட்டி, நாலு பேரு முன்னால என்னக் கோட்டிக்காரன் ஆக்குதியா?" அதன்பிறகு டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிடும்போதெல்லாம், "அவங்களே ஒண்ணும் இல்லன்னுட்டாவ" என்று அந்தப் பூஜ்யத்தைத் தூக்கிக் காட்டினீர்கள். சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. அடுத்த மழைக்கு முன்னால் அதே நாற்காலியில் போய்விட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள்.

நம்பிக்கையற்ற உணர்வாம். நம் ஊரில் எவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வரும்? வீட்டுக்கு வந்து, உங்கள் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்து, "தண்ணிச் சத்தம் கேட்டா எப்படி இருக்கு ஏட்டையா?" என்று ஒருத்தர் கேட்டிருக்கக் கூடாதா? ஆறுதல் சொல்ல வந்தவர்களா, கணக்கெடுத்துவிட்டு ஓட வந்தவர்களா? அவர்களுடைய அறிக்கையில் நீங்கள் இன்றைக்கும் தேறிய ஆள்.

நீங்கள்தான் ஆகட்டும், ஊரிடம் சொல்லவேண்டாம், என்னிடம் சொல்லியிருக்கலாமே. கை வழுக்கியதற்கு உங்களை யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? அம்மாவை ஆறு கொண்டுபோனது. உங்களை நான் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டே பறிகொடுத்தேன்.

நேற்று ஐந்தருவியில் வெள்ளம் என்று டிவியில் பார்த்துவிட்டு உங்கள் பேரன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். "நல்லா இருக்கியாம்மா?" உங்கள் பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இல்லலே. பயமா இருக்கு. மழைச் சத்தத்துல உறக்கமே வரமாட்டேங்கு. வந்துட்டுப் போ" என்றேன்.

பதறிவிட்டான். பதறட்டும் அப்பா.