பாதி விலைக் கடற்கரை விடுதியும் என் கணவரின் முழு உண்மையும்

அனுப்புநர்:
பல் மருத்துவமனை வரவேற்பாளர்
(பேருந்துப் பயணச்சீட்டுப் பரிசோதகரின் மனைவி),
பணிமனைக்குப் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
சுற்றுலா நிறுவனங்கள் உரிமப் பிரிவு.

பொருள்: சலுகைச் சுற்றுலா நிறுவனத்தின் பொறுப்பற்ற வாக்கால் வெளிநாட்டில் நுழைவு மறுக்கப்பட்டது – மகளின் பிரசவத்துக்குச் செல்ல விளக்கச் சான்று கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. இது என் மூன்றாவது மனு. முதல் மனுவுக்கு, இது குடியேற்றத் துறை விஷயம், அங்கே போங்கள் என்று பதில் வந்தது. அங்கே போனால், மறுத்தது அந்த நாடு, நாங்கள் என்ன செய்வது என்றார்கள். இரண்டாவது மனுவுக்குப் பதிலே இல்லை. வலியோடு வருகிறவர்களை இதமாகப் பேசி உட்கார வைப்பது என் வேலை. அந்தப் பொறுமை இப்போது என்னிடம் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து எங்கும் சுற்றப் போனதில்லை. மேற்படி நிறுவனம், வெளிநாட்டுக் கடற்கரை விடுதியில் பாதி விலைக்கு அறை என்று விளம்பரம் செய்ததும் ஆசைப்பட்டுவிட்டேன். ஒரே நிபந்தனை: ஒருநாள் காலை அவர்கள் நடத்தும் கூட்டத்தில் தம்பதியாக உட்கார்ந்து, விடுதியில் பங்கு வாங்கச் சொல்லும் பேச்சைக் கேட்க வேண்டும். இதற்குச் சுற்றுலா விசா போதுமா என்று வாய்விட்டே கேட்டேன். "தாராளமா போதும் மேடம்" என்றார் நிறுவன அலுவலகத்தில் இருந்த பெண்.

3. அந்நாட்டு விமான நிலையத்தில் இறங்கியபோது திரும்பும் டிக்கெட், அறைப் பதிவு, வங்கி விவரம் எல்லாம் கையில் இருந்தன. எதற்கு வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். சுற்றிப் பார்க்க என்று சொல்லிவிட்டு நகர வேண்டிய இடம். என் கணவரோ பணிக்காலம் முழுக்கப் பயணிகளைக் கேள்வி கேட்டவர். அரைகுறை பதில் என்றாலே முகம் சுளிப்பவர். "ஒரு கம்பெனி மீட்டிங்குக்கு வந்திருக்கோம் சார். அதுல உட்கார்ந்தாதான் ரூம் பாதி விலைக்குக் கிடைக்கும்" என்றார். மொழிபெயர்க்க நின்ற பெண் ஒரு சொல்லையும் விடவில்லை. நான் கணவரின் காலை மிதித்தேன். ஏன் மிதிக்கிறாய் என்று சத்தமாகவே கேட்டார். அதையும் அந்தப் பெண் மொழிபெயர்த்தார்.

4. கம்பெனிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல என்று சொல்லி, இருவருக்கும் நுழைவு மறுப்பு முத்திரை குத்தி, அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கடலை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நிறுவனமோ, அப்படி ஒரு கூட்டமே கிடையாது, அது வெறும் தேநீர்ச் சந்திப்பு என்கிறது. கூட்டத்துக்கு வராததால் சலுகை ரத்து என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறது. நகல் இணைத்துள்ளேன். தாங்கள் படித்துச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5. சுற்றுலா போனால் போகட்டும். வேறொரு நாட்டில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். மருமகன் கப்பல் வேலையில் இருப்பார், பக்கத்தில் ஆளில்லை. அந்நாட்டு விசா விண்ணப்பத்தில், எங்காவது நுழைவு மறுக்கப்பட்டதா, ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பம் நிரப்பித் தருபவர், "இல்லைன்னு போட்டுட்டுப் போங்கம்மா" என்றார். என் கணவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். வீடு வரும்வரை அவரைத் திட்டித் தீர்த்தேன்; பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். மகள் போனில் "எப்பம்மா வர்றே?" என்று கேட்கும்போது மட்டும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார்.

6. ஆகவே ஐயா, நிறுவனத்தை அழைத்து விசாரித்து, நாங்கள் விடுமுறைக்குத்தான் போனோம், கூட்டம் அவர்கள் வைத்த நிபந்தனை என்று எழுதி வாங்கி, தாங்கள் சான்றளித்துத் தர வேண்டும். மகளுக்கு வலி எடுப்பதற்குள் அந்தக் காகிதம் எனக்கு வேண்டும். இதையும் வேறு துறைக்குத் தள்ளிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: இம்மாதம் 9, வெள்ளி
இடம்: மேற்படி வீடு

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்

என் மனைவியின் மனுவைப் படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை. கூட்டம் என்று சொன்னது நான். அவர் எதுவும் சொல்லவில்லை. மறுப்பு என் ஒருவன் பேரில் இருக்கட்டும். அவரை மட்டுமாவது மகளிடம் அனுப்பி வையுங்கள்.
(ஒப்பம்)
கணவர்