தாத்தாவின் உத்தியோகம் ஆறு தடவை மாறிய நாள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் வலது மணிக்கட்டைத் தவிர எல்லாரும் சௌக்கியம், அங்கே நீ முழுசாக சௌக்கியமா என்று எழுது. கை மாவுக்கட்டில் இருப்பதால் சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. (அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அப்பாவுக்குத் தெரியாது. மரம் ஏறி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறோம் அக்கா, குடும்ப மரம் ஏறி விழுந்தவர் நம் அப்பா ஒருத்தர்தான்.) அம்மா உன் மாமாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக அவர் வீட்டுக்குப் போய் பத்து நாளாகிறது, வெள்ளிக்கிழமை வருகிறாள். நீ கம்ப்யூட்டரில் நம் குடும்ப மரத்தைப் போட்டு, எல்லாருடைய பிறந்த தேதி, தொழில், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று கட்டம் கட்டி அனுப்பினாயே, அன்றிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. (இப்போதும் நடந்துகொண்டேதான் சொல்கிறார். ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரை தேய்கிறது.)

தாத்தா வேலைக்குச் சேர்ந்தது 1955 என்று நான் சொன்னேன். உடனே நீ, பத்தொன்பது வயசுல எப்படிப்பா கோர்ட்ல ஹெட் கிளார்க் ஆனார் என்று கேட்டாய். பார்த்துச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். பார்க்க என்ன இருக்கிறது, எனக்குத் தெரியாததா. ஆனாலும் பரணிலிருந்து அவருடைய சர்வீஸ் புத்தகத்தை எடுக்க முக்காலியில் ஏறினேன், அப்படித்தான் விழுந்தேன். அதன் முதல் பக்க நகலை இதோடு வைத்திருக்கிறேன். போனில் சொல்லியிருப்பேன், நீ என்ன சொல்வாயோ என்று பயந்துதான் கடிதம். உன் தாத்தா ஹெட் கிளார்க் இல்லை அம்மா. டவாலி. குறுக்குப் பட்டை போட்டுக்கொண்டு கோர்ட் வாசலில் நின்று, கேஸ்காரர்களின் பெயரை மூன்று முறை கூப்பிடுகிற வேலை. முப்பத்தொன்பது வருடம் அதே வேலை, அதே வாசல். ஹெட் கிளார்க் என்று எழுதியது நான். தாத்தா ரிட்டயரான மறுவருடம் அம்மாவைப் பெண் கேட்டபோது அவர்கள் வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள், குடும்ப விவரத் தாளில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் என் பேனா அதை எழுதிவிட்டது. (பேனா மேல் பழி. கட்டுக்கதை கட்டிய கைக்குத்தான் கடவுள் பார்த்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார். இதை எழுதும்போது சிரித்துவிட்டேன், அப்பா நின்று முறைத்தார்.)

போன ஞாயிறு உண்மையைப் போட்டுவிடலாம் என்று இடது கையால் தட்டித் தட்டி ஹெட் கிளார்க்கை அழித்து டவாலி என்று போட்டேன். அரை மணி கழித்து அம்மா முகம் ஞாபகம் வந்தது, பழையபடி மாற்றினேன். மனசு கேட்கவில்லை, மறுபடியும் டவாலி. இப்படி ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த மரம் நம் சொந்தக்காரர் நாற்பத்து மூன்று பேருக்கும் தானாகத் தகவல் அனுப்பும் என்று நீ என்னிடம் சொல்லவில்லையே. மாமா படுத்த படுக்கையிலிருந்து, பெரியவர் காலைல ஹெட் கிளார்க், பத்தரைக்கு டவாலி, பதினொண்ணுக்குத் திரும்ப ஹெட் கிளார்க், இவ்வளவு வேகமா பிரமோஷன் குடுக்கிற ஆபீஸ் எதுங்க மச்சான், என் பையனையும் சேர்த்துவிடுங்க என்று செய்தி அனுப்பினார். யாரோ உள்ளே புகுந்து விளையாடுகிறார்கள் என்று நீ பயந்துபோய் மரத்தைப் பூட்டிவிட்டாய், பூட்டியபோது ஹெட் கிளார்க்கில் நின்றுவிட்டது. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் மரமும் தெரியாது செடியும் தெரியாது. ஆனால் மாமாவுக்கு வாய் இருக்கிறது.

வேலையை மறைத்தது கூடப் பெரிதில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாத்தாவுக்குப் பெரிய குரல். வாசலில் நின்று கூப்பிட்டால் கடைத்தெருக் கோடியில் டீ குடிப்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் அவரிடம், அப்பா, அவங்க முன்னாடி கொஞ்சம் மெதுவா பேசுங்க, குரலே காட்டிக்குடுத்துடும் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, சரிப்பா என்றார். அதன் பிறகு பதினோரு வருடம், கடைசி மூச்சு வரை, இந்த வீட்டில் மெதுவாகத்தான் பேசினார். நீ அவரைக் கிசுகிசு தாத்தா என்று கூப்பிடுவாய். அம்மா இன்றைக்கும் எல்லாரிடமும், என் மாமனார் குரல் உசத்திப் பேசி நான் கேட்டதே இல்லை, அவ்வளவு பண்பு என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

(அக்கா, இந்த இடத்தில் எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அம்மா போன் செய்தாள். தான் இல்லை என்று சொல்லும்படி அப்பா கை ஆட்டினார், குளிக்கிறார் என்றேன். அரை மணியில் திரும்பவும் வந்தது, இன்னுமா குளிக்கிறார், அண்ணன் ஏதோ சொல்றான், அவரைக் கூப்பிடு என்றாள். அப்பா போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, ஸ்பீக்கர் போட்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார், குரல் விஷயம் உட்பட. அம்மா, அப்ப அந்த மனுஷர் எனக்குப் பயந்தா மெதுவா பேசினார் என்று கேட்டாள். அப்பா, இல்ல, எனக்குப் பயந்து என்றார். கோர்ட்ல எப்படிக் கூப்பிடுவார், கூப்பிட்டுக் காட்டுங்க என்றாள் அம்மா. அப்பா கொஞ்சம் நடந்தார். பிறகு கைப்பிடிச் சுவர் பக்கம் நின்று தாத்தா பெயரையே கூப்பிட்டார், அவர் தகப்பன் பெயரோடு முழுசாக, மூன்று தடவை. தாத்தா பெயரை அப்பா வாயால் நான் கேட்டதே இல்லை. மூன்றாவது தடவைக்கு எதிர்வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து தெருவை மேலும் கீழும் பார்த்தார். அம்மா, வெள்ளிக்கிழமை வந்து பேசிக்கிறேன் என்று வைத்துவிட்டாள். அப்பா கீழே வந்து, எங்க விட்டேன் என்று கேட்டார்.)

மரத்தின் பூட்டை எடுத்துவிடு. நீ மாற்ற வேண்டாம், நானே போடுகிறேன். தொழில் டவாலி, 1955 முதல் 1994 வரை. நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரு தடவை போகட்டும், இனி மாற்ற மாட்டேன். அம்மா வந்து என்ன சொல்வாள் என்று தெரியவில்லை, எனக்காகப் பரிந்து பேசாதே. சனிக்கிழமை மறக்காமல் அவளைக் கூப்பிடு, குளிர்காலச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொள். நோய்நொடி அண்டாமல், யாருக்கும் பயந்து குரலைத் தாழ்த்தாமல், நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
டவாலியின் மகன்,
உன் அப்பா

(கையெழுத்து மட்டும் அவருடையது, இடது கையால் போட்டது.)