பெண் எலிகளின் தூக்கம்

திருத்தணி,
9.6.2025

மனோரமா அம்மாவுக்கு,

நலம். கால் மட்டும் மலைப்படி ஏற மறுக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் எலிகளைப் பார்த்துக்கொண்ட வேடியப்பன் எழுதுகிறேன்.

மகள் சௌமியா கைபேசியில் உங்கள் சொற்பொழிவைக் காட்டினாள். மயக்க மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதிகள் ஆண் எலிக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு. அதனால் ஒரே அளவு மருந்தில் பெண் எலி நெடுநேரம் தூங்கும் என்கிறீர்கள். கூட்டம் கைதட்டுகிறது.

இதை 2003இல் உங்களிடம் சொன்னது யார்? உங்கள் மயக்க மருந்துச் சோதனைக்கு ஆண் எலிகள் போதாமல் பாதிக் கூண்டுகளில் பெண் எலிகளை வைத்தேன். ஆண் எலிகள் அரை மணியில் எழுந்தன, பெண் எலிகள் எழவில்லை. எட்டு மாணவர்கள் முன்னால், "குடிச்சிட்டு வந்து ஊசி போட்டியா?" என்று கேட்டீர்கள்.

"மருந்து சரியாத்தாம்மா போட்டேன். பொட்டை எலிங்க அப்படித்தான் தூங்குதுங்க" என்றேன்.

முன்பு வேறொரு சோதனைக்காக விதை நீக்கிய ஆண் எலிகளும் அப்படியே தூங்கியதையும், ஆண் ஹார்மோன் ஊசி போட்டதும் மறுபடி சீக்கிரம் எழுந்ததையும் என் நோட்டில் குறித்திருந்தேன். நீட்டினேன். நீங்கள் பிரிக்கவே இல்லை. குடிகாரன் என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினீர்கள்.

நான் குடித்ததே கிடையாது. அது பொய் என்று எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
வேடியப்பன்


சென்னை,
21.6.2025

மதிப்பிற்குரிய வேடியப்பன் அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமே. பழைய ஆய்வு நூல்களில் அப்போதே இருந்த செய்திதான், நான் படித்திருக்கவில்லை. நீங்கள் போன மறுவாரம் கூண்டு அட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஆண், பெண் என்று தெளிவாக எழுதியிருந்தீர்கள்; எழாதவை எல்லாம் பெண் எலிகள். தவறு உங்களுடையதல்ல என்று புரிந்தது. உத்தரவைத் திரும்பப் பெறச் சொல்லத்தான் எனக்குத் துணிவு வரவில்லை. மன்னியுங்கள்.

அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். விழாவுக்கு வாருங்கள், மேடையில் பொன்னாடை போர்த்துகிறேன். எழுத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
மனோரமா


திருத்தணி,
25.6.2025

அம்மா,

நீங்கள் தெரியாமல் செய்தீர்கள் என்றுதான் இருபத்திரண்டு ஆண்டுகளாக நினைத்திருந்தேன். உங்களுக்கு ஒரே வாரத்தில் தெரிந்திருக்கிறது. என் மனைவி காஞ்சனா சாகும்வரை ஆறு ஆண்டுகள், நான் வெளியே போய் வரும்போதெல்லாம் என் வாயை முகர்ந்து பார்த்தாள். படித்த அம்மா பொய் எழுதுவாரா என்று கேட்டாள்.

பொன்னாடை வேண்டாம். உங்கள் கடிதத்தை நகலெடுத்து நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எழுத்தில் கேட்காதீர்கள் என்றீர்கள். நீங்களே கையெழுத்திட்டு எழுதியிருக்கிறீர்கள். அசல் என்னிடம் இருக்கிறது.

வேடியப்பன்