கோடிச் சேலைக் கடல்

3-7-78, திங்கள்

தையல் கூடத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். போன வருடத்துப் பெண்கள் பாதியில் விட்டுப்போனவை பதினொன்று. கை வைக்காத ரவிக்கை, ஓரம் மடிக்காத பாவாடை, வெட்டியதோடு நின்ற கவுன். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குப் பிரசவம், ஒருத்தியைப் புருஷன் போகக்கூடாதென்றான். துணி தீர்ந்துபோய் நிறுத்தியவள் ஒருத்தியும் இல்லை.

எல்லாவற்றையும் இந்த வருடம் தையல் படிக்க வரும் ராசாத்தியிடம் கொடுத்தேன். அடுத்தவள் விட்ட இடத்திலிருந்து தையல் தெரியாமல் தொடர அவளால்தான் முடியும். டீச்சர் நான். எனக்கு வராது.

ஆகஸ்டில் பாண்டிச்சேரியில் கண்காட்சி. ‘நம் ஊர்’ என்று ஒட்டுப் போர்வை தைக்கச் சொல்லியிருக்கிறார் கூடத்தை நடத்தும் கன்னியர் மடத்து மதர். மாதா கோயில் போடலாம் என்றாள் வகுப்பில் ஒருத்தி, அற்புதம். கிளிஞ்சல்மேட்டுக் கடலைப் போடுவோம் என்றேன். வீட்டுத் துணிகளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பட்டை பட்டையாக இணைத்தால் அலை வந்துவிடும்.

6-7-78

மஞ்சள், அரக்கு, இலைப்பச்சை. எல்லார் வீட்டிலிருந்தும் இதேதான். நீலம் இல்லாமல் என்ன கடல்?

10-7-78

ராசாத்தி ஒரு முழு நீலச் சேலை கொண்டுவந்தாள். “வீட்ல சும்மா கெடந்துச்சு டீச்சர்.” ஏது என்று நான் கேட்கவில்லை. கிழித்துத் தைக்கத் தைக்க அலை எழுந்து வருகிறது. வகுப்பில் எதற்கும் சிரிக்காத சௌந்தரவல்லியே, “ஏய், பாத்து. சுறா வந்து கைய கடிச்சிரப் போவுது” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

19-7-78, புதன்

சேலையின் கரையைக் கடலோரமாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தோம். சௌந்தரவல்லி குனிந்து பார்த்தாள்.

“இந்தக் கரை... அடிப்பாவி! இது எம் மாமியாளுக்கு நான் எடுத்துப் போட்ட கோடிடி!”

பிணத்தின்மேல் போர்த்துகிற கோடிச் சேலை. காரியம் முடிந்ததும் வண்ணாருக்குப் போகும். ராசாத்தியின் புருஷன் இங்கே தருமபுரத்து வீடுகளுக்கு வெளுக்கிறவர். அவள் வீட்டில் அது செய்த வேலைக்கு வந்த துணி. மற்ற வீடுகளில் அது திரும்பிப் பார்க்கக்கூடாத துணி.

“நீங்க குடுத்ததுதானேங்க. நல்லா வெளுத்துத்தான் கொண்டாந்தேன்.”

“குடுத்தா ஒன் வூட்டோட வச்சிக்க. பத்து பேரு மடியில கொண்டாந்து போடுவியா?”

அற்புதம் குழாயடிக்குப் போய் முழங்கை வரை கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக நற்கருணை வாங்குகிறவள்!

சரி, நான் என்ன செய்தேன்? “சரி சரி, வேலையப் பாருங்க” என்றேன். அவ்வளவுதான். நோட்டில் மட்டும்தான் எனக்கு நாக்கு.

20-7-78

மதர் கூப்பிட்டுச் சொன்னார்: நீலத்தைப் பிரித்துவிட வேண்டும். கண்காட்சி முடியும்வரை ராசாத்தி வரவேண்டாம்.

“சரிங்க மதர்” என்றேன். சரிங்களாம்! இப்போது போனவள் பிறகு எங்கே வரப்போகிறாள்?

23-7-78, ஞாயிறு

பூசை முடிந்து ராசாத்தி வீட்டுக்குப் போனேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“நான் கொண்டாந்தது தப்புன்னு சொல்ல வந்தீங்களா டீச்சர்?”

“இல்ல ராசாத்தி. தப்பில்லன்னு சொல்லத்தான்...”

“அத அன்னிக்கி அங்க சொல்லியிருக்கணும். இங்க எங்களுக்கே தெரியும்.”

அடுத்த சட்டையை விரித்தபடி, “பிரிச்சா எந் துணிய எங்கிட்ட குடுத்துருங்க. எம் மவளுக்குப் பாவாட ஆவும்” என்றாள்.

வழியெல்லாம் முகம் எரிந்தது. வெயில் இல்லை.

24-7-78

மதரையும் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீலத்தைப் பிரிக்க மாட்டேன், ராசாத்தி இல்லாமல் பாடம் எடுக்க மாட்டேன்.

“பொணத்துத் துணிக்கா இம்மாம் வீம்பு?” என்றாள் சௌந்தரவல்லி.

“போத்தறப்ப மரியாத, அவ கைக்கு வந்தா தீட்டா?” என்றேன்.

கடைசியில் மதர், “அப்போ இந்தப் போர்வையை நீயே எடுத்துக்கிட்டுப் போ சலோமி. இனிமே யாரும் இதத் தொட மாட்டாங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலை போயிற்று.

2-8-78

அப்பா வாங்கித் தந்த மெஷினை, இருவரும் சேர்ந்து தைத்துக்கொடுக்கலாமென்று, ராசாத்தி வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோனேன். அவள் உடனே சரி சொல்லவில்லை. மூன்று நாள் யோசித்தாள். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

20-8-78

துணி தைக்கக் கொடுக்க ஆள் வரவில்லை. போர்வைக்கு அடித்துணி வைத்து முடித்து வாசலில் தொங்கவிட்டோம். நன்றாகத்தான் இருக்கிறது.

14-9-78, வியாழன்

மீன் விற்றுத் திரும்பும் வழியில் கருக்களாச்சேரி செல்வம்மாள் என்று ஒருத்தி வாசலில் நின்றாள். தொங்கிய போர்வைக் கடலைப் பார்த்தபடியே இடுப்பிலிருந்த மூட்டையை இறக்கினாள். லுங்கிகள், இரண்டு சட்டை.

“இதுல ஒண்ணு இதேமாரி தச்சுக் குடுப்பீங்களா? ஆனா...” என்று இழுத்தாள். “எங்க வூட்டுக்காரரு துணி. அவரு தவறி ஆறு மாசமாவுது. செத்தவரு துணியத் தொடுவீங்களோ என்னமோ.”

ராசாத்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அடக்க முடியவில்லை, இருவரும் சிரித்துவிட்டோம். அந்தம்மா மிரண்டுபோய் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்க் கையை நீட்டினாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. குடுங்க. உள்ள வந்து ஒக்காருங்க.”