மையத்து வீட்டுத் தண்ணீரைக் கணினி நிறுத்தியதும் எனது தொழிற்பதிவு முடக்கப்பட்டதும்

அனுப்புபவர்:
மு. இ. றிப்னாஸ்,
குழாய் பொருத்துநர் (தேசிய தொழிற்றகைமை, நான்காம் மட்டம்),
பள்ளிவாசல் வீதி,
குறிஞ்சிப்பிட்டி, கற்பிட்டி.

பெறுநர்:
பிராந்திய முகாமையாளர்,
கரைவளம் நன்னீர்த் திட்டம்,
புத்தளம்.

விடயம்: செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் தீர்ப்பினால் எனதும் சக பொருத்துநர் நிரோஷனதும் பதிவு இடைநிறுத்தப்பட்டமை தொடர்பான முறைப்பாடு.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் கணினிக்கு எதிரானவன் அல்லன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தபோது முன் மேசையில் இருந்த அலுவலர், புதுசாக எது வந்தாலும் பாஸ்மாருக்குப் பயம்தானே என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் பயமில்லை. தங்கள் செயலி வந்தபோது குறிஞ்சிப்பிட்டியில் முதலில் பதிந்தவன் நான். மற்றப் பாஸ்மாரின், அதாவது சக பொருத்துநர்களின், தொலைபேசிகளில் அதை இறக்கிக் கொடுத்து, படம் எடுக்கும் விதத்தைக் காட்டியவனும் நான்தான். அவர்கள் ஏசினார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே இந்த மனுவைப் பழைய ஆட்களின் புலம்பல் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

2. செயலியைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்த மனு மேலிடத்துக்கும் போகக்கூடும் என்பதால் எழுதுகிறேன். முன்னர் ஒரு வீட்டில் குழாய் ஒழுகினால் வீட்டுக்காரர் எங்களைக் கூப்பிடுவார். நாங்கள் போய்ப் பார்த்து, பிழை என்ன, சாமான் என்ன என்று சொல்வோம். இப்போது வீட்டுக்காரர் படம் எடுத்து அனுப்புகிறார். பிழையையும் சாமானையும் மென்பொருள் சொல்கிறது, யார் போக வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. அது தரும் வேலை இலக்கம் இல்லாமல் பதிவு பெற்ற பொருத்துநர் குழாய் இணைக்கும் ஒரு சொக்கட்டைக்கூடத் தொட முடியாது. வீட்டு நீர்மானிகளையும் அதே மென்பொருள்தான் கவனிக்கிறது. சந்தேகம் வந்தால் வால்வைத் தானாகவே பூட்டிவிடும். பெரும்பாலும் அது சொல்வது சரிதான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

3. முன்னர் சந்தேகம் வந்தால் களப் பரிசோதகர் அருளப்பு ஐயா முந்தலில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஏசுவதில் பேர்போன மனுசர். என் முதல் வேலையைப் பார்த்துவிட்டு, இதைப் பொருத்தினது கையாலா காலாலா என்று தெருவில் வைத்துக் கேட்டவர். ஆனால் வந்து பார்ப்பார், பார்த்த பிறகுதான் ஏசுவார். செயலி வந்ததும் பரிசோதகர் பதவி தேவையில்லை என்று நிறுத்திவிட்டீர்கள். அந்த இடத்தில் இப்போது ஆள் இல்லை. கீழே நான் எழுதப்போகும் சம்பவம் முழுவதும் அந்த வெற்றிடத்தில்தான் நடந்தது.

4. எங்கள் பக்கத்துக் கிணறுகள் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, மேலில் பிசுபிசுவென்று நிற்கும். அதனால் ஒரு வீட்டில் மவுத் நடந்தால், அதாவது ஒருவர் இறந்தால், மையத்தை, அந்த உடலை, குளிப்பாட்ட நல்ல தண்ணீர்தான் தேடுவார்கள். ஒரு வீட்டு இணைப்பில் வரும் தண்ணீர் அதற்குக் காணாது. வந்த சனம் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யவும் வேண்டும். ஆகவே மையத்து வீட்டுக்கு அடையாளமாக வெள்ளைக் கொடி கட்டின உடனே ஊரில் யாராவது ஒரு பாஸ் சாமான் பையோடு போவார், யாரும் கூப்பிடத் தேவையில்லை. பக்கத்து வீடுகளின் குழாய்களில் ஹோஸ் மாட்டி, வேலிக்கு மேலால் கொண்டுவந்து, ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பார். ஜனாஸா அடக்கத்துக்குப் போனதும் கழற்றிவிடுவார். கூலி கேட்பதில்லை. தந்தாலும் வாங்குவதில்லை. தண்ணீர் தருகிற வீட்டாரின் மானியில் அது ஓடித்தான் வருகிறது. திருட்டு என்ற சொல்லுக்கு இதில் இடமே இல்லை.

5. சம்பவம் இதுதான். எங்கள் வீதியில் அக்ரமின் தாயார் மர்ளியா உம்மா மவுத்தானார். அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நானும் நிரோஷனும் போனோம். நிரோஷன் என்னோடு ஒரே பயிற்சி நிலையத்தில் படித்தவன். அவனது குடும்பம் சண்டைக் காலத்தில் வன்னியில் இருந்து வந்து இங்கே தங்கியது. மையத்து வீடு என்றால் எனக்கு முன்னால் அவன் நிற்பான். வலது பக்கத்து வீடு தவமலர் அக்காவுடையது. அவர் கேட்கும் முன்னமே குழாயைத் திறந்துவிட்டு, வேலிக் கம்பியையும் தானே பிரித்துத் தந்தார். இடது பக்கத்து வீட்டாரும் தந்தார்கள். இணைப்பு நன்றாக இருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி மறைத்து, ஆதிலா ராத்தாவும் மற்றப் பெண்களும் குளிப்பாட்டத் தொடங்கினார்கள். நாங்கள் மறைப்புக்கு வெளியே, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றோம்.

6. நடுவில் தண்ணீர் நின்றது.

ஹோஸ் மடிந்திருக்கும் என்று ஓடிப் பார்த்தேன். மடியவில்லை. தவமலர் அக்காவின் மானிக்குப் போனேன், வால்வு பூட்டியிருந்தது. மற்ற வீட்டிலும் அக்ரமின் வீட்டிலும் அப்படியே. அதைக் கையால் திறக்க வழியில்லை. தங்கள் மென்பொருள் திறந்தால்தான் திறக்கும். அப்போது மறைப்புக்குள் இருந்து ஆதிலா ராத்தா சொன்னது இது: "தம்பி, தண்ணி நிண்டுட்டு. உம்மாட மேலெல்லாம் சோப்பு கிடக்கு."

இந்த வரியை எழுத அக்ரமிடம் அனுமதி கேட்டேன். எழுது, அவங்களும் வாசிக்கட்டும் என்றார்.

7. தங்கள் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். பேசியது இயந்திரம். முறைப்பாட்டைச் சொல்லச் சொன்னது, சொன்னேன். வீட்டின் வகை குடியிருப்பா, வர்த்தகமா, சுற்றுலா விடுதியா என்று கேட்டது. மையத்து வீடு என்றேன். மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு மீண்டும் கேட்டது. ஐயா, அந்த நேரத்தில் நான் அதற்குச் சொன்ன சொற்கள் பதிவில் இருக்கும். அவற்றுக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

தவமலர் அக்கா தன் வீட்டில் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரையும் சமையலுக்கு எடுத்து வைத்த பானைத் தண்ணீரையும் வேலி இடைவெளியால் நீட்டினார். அந்த வீதிப் பெண்கள் ஆளுக்கொரு வாளியாகக் கொண்டுவந்தார்கள். அப்படித்தான் குளிப்பாட்டி முடிந்தது. மாலை மஃரிபுக்கு முன் அடக்குவதாக இருந்த ஜனாஸா இரவு இஷாவுக்குப் பிறகுதான் போனது. அக்ரம் என்னை ஏசவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. கூடியிருந்த சனத்துக்கு வால்வும் மென்பொருளும் தெரியாது. றிப்னாஸ் போட்ட குழாய் மையத்து வீட்டில் காலை வாரிவிட்டது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. பள்ளிவாசல் வாசலில் அந்தக் கதை இன்னும் ஓடுகிறது.

8. மையவாடியில் அடக்கத்துக்கு நிற்கும்போது குறுஞ்செய்தி வந்தது. அங்கீகாரமற்ற இணைப்பு, நீர் இடமாற்றம், பதிவு இடைநிறுத்தம், தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. எங்கள் இருவரின் தொலைபேசிகளும் அந்த வீட்டில் இருந்ததும் எங்களிடம் வேலை இலக்கம் இல்லாததும்தான் சாட்சி. இன்னொரு முறை இப்படி நடந்தால் பதிவு நிரந்தரமாக ரத்தாகும் என்றும் இருந்தது. மேன்முறையீடு என்ற பொத்தானை அழுத்தினேன். அதே மென்பொருள் அதே தீர்ப்பைத் திருப்பி அனுப்பியது. அழுத்திய கையை எடுக்க முன்னரே பதில் வந்துவிட்டது.

9. மென்பொருள் ஏன் இப்படித் தீர்மானித்தது என்று யோசித்தேன். எனக்கு விளங்குகிறது. திட்டம் தொடங்கும்போது அதற்குப் பழக்கம் வர வேண்டும் என்று சொல்லி, நாங்கள் செய்த பழைய வேலைகளைப் படத்தோடு பதியச் சொன்னீர்கள். எல்லோரும் பதிந்தோம். இறால் பண்ணை வேலை, விடுதி வேலை, பள்ளிக்கூட வேலை என்று ஒன்றையும் விடவில்லை. மையத்து வீட்டு வேலையை மட்டும் ஒருவரும் பதியவில்லை. நன்மைக்குச் செய்ததை எழுதிக் காட்டுவது எங்களுக்குள் வெட்கமான காரியம். மையத்து வீட்டில் ஹோஸ் பிடித்ததை யாராவது படம் எடுத்துப் போட்டால் ஊர் சிரிக்கும். கிறிஸ்தவனான நிரோஷனும் போடவில்லை. ஆகவே தங்கள் மென்பொருளுக்குத் தெரிந்த உலகத்தில் மையத்து வீடே இல்லை. இரண்டு வீட்டுத் தண்ணீர் மூன்றாவது வீட்டுக்குப் போனால் அது களவு. வேறு எதையும் அது பார்த்ததில்லை.

இது பொருத்துநர்களின் பிழை என்று தாங்கள் பதில் எழுதலாம். எழுதுங்கள். ஆனால் அருளப்பு ஐயாவுக்கு இதை ஒருவரும் பதிந்து கொடுக்கவில்லை. வீதி முனையில் வெள்ளைக் கொடியைக் கண்டால் அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, உள்ளே வந்து, கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். மானியைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

10. செயற்கை நுண்ணறிவு வந்தாலும் குழாய் வேலைக்குக் கை வேண்டும், அதனால் உங்கள் தொழில் போகாது என்று பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். கை வேண்டும் என்பது உண்மைதான். இன்றைக்கும் முறுக்குவது நாங்கள்தான். ஆனால் எங்கே முறுக்கலாம், எங்கே கூடாது என்று தீர்மானிப்பதும் எங்கள் தொழில் என்று நினைத்திருந்தேன். அது எங்களிடம் கேட்காமலே போய்விட்டது. அருளப்பு ஐயாவின் வேலை முழுதாகப் போனது, எங்களுடையது பாதி. நிரோஷன் மீதிப் பாதிக்காகக் காத்திருக்க விரும்பவில்லை. கத்தாருக்குப் போகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டான். அங்கேயும் செயலி இருக்கும் என்றேன். இருக்கட்டும், அங்கே தெரிந்த ஆளின் மையத்து வீடு இல்லைத்தானே என்றான்.

11. இதற்கு மேலும் ஒரு காரியம் நடந்தது. அதற்காகத்தான் இந்த மனுவை அவசரமாக எழுதுகிறேன். சென்ற வாரம் எங்கள் பின் ஒழுங்கையில் இனாஸின் வாப்பா மவுத்தானார். பதிவு பெற்ற பாஸ்மார் வந்தார்கள். எல்லோரும் தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, சாமான் பை இல்லாமல், வெறுங்கையோடு வந்திருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அதைத் திருப்பு, இதை இறுக்கு என்று வீட்டுக்காரர் இனாஸுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மனுசர் மீன் வியாபாரி. அவருக்கு எது தெரியும்? சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிப் பார்த்தார், நிற்கவில்லை. பக்கத்து வீட்டாரும் வால்வு பூட்டிவிடும் என்று பயந்து குழாயை மூடினார்கள். கடைசியில் உப்புக் கிணற்றில் அள்ளிக் குளிப்பாட்டினார்கள். மார்க்கத்தில் அது கூடும். நானும் வேலிக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களில் ஒருவன். பதிவு ரத்தாகிவிடும் என்று நின்றேன்.

12. ஆகவே தங்களிடம் கேட்பது:

(அ) எனதும் நிரோஷனதும் இடைநிறுத்தத்தை ஒரு மனிதர் விசாரிக்க வேண்டும். அக்ரமும் தவமலர் அக்காவும் சாட்சி சொல்ல ஆயத்தம்.

(ஆ) வால்வைப் பூட்டும் முன்னரும் ஒருவரின் பதிவை நிறுத்தும் முன்னரும் நேரில் வந்து பார்க்க ஒரு பரிசோதகரை மீண்டும் நியமிக்க வேண்டும். ஏசுகிறவராக இருந்தாலும் பரவாயில்லை.

(இ) அன்று தண்ணீர் நின்றது குழாய்ப் பிழையால் அல்ல, தங்கள் வால்வினால் என்று பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மற்ற இரண்டும் தாமதமாகலாம். இது தாமதமாகக் கூடாது.

13. தங்கள் மென்பொருளுக்கு முன்கூட்டிப் பதிவது முக்கியம் என்பதால் இதையும் பதிகிறேன். குறிஞ்சிப்பிட்டியில் அடுத்த வெள்ளைக் கொடி எந்த வீட்டில் கட்டப்பட்டாலும், அது எந்தச் சனத்தின் வீடாக இருந்தாலும், நான் சாமான் பையோடு போவேன். தொலைபேசியையும் கொண்டு போவேன். பக்கத்து வீட்டுத் தண்ணீரை வேலிக்கு மேலால் எடுப்பேன், வேலை இலக்கம் இருக்காது. அதற்காகப் பதிவை ரத்துச் செய்வதானால் செய்யுங்கள். வால்வை மட்டும் குளிப்பாட்டி முடியும்வரை பூட்டாமல் வையுங்கள். ஒருவரும் எழுதித் தரவில்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. எழுதித் தந்துவிட்டேன்.

தங்கள் பதிலை ஒரு மனிதரின் கையொப்பத்தோடு எதிர்பார்க்கிறேன்.

இடம்: குறிஞ்சிப்பிட்டி
திகதி: 2025.11.04

இங்ஙனம்,
(ஒப்பம்)
மு. இ. றிப்னாஸ்

பிரதி: பள்ளிவாசல் நிர்வாக சபை, குறிஞ்சிப்பிட்டி.