பிடியரிசிப் பெட்டியும் பள்ளிக்கூடத்துச் சுவரும்

சுபகிருது, ஆனி 3, ஞாயிறு

காற்று. வாயைத் திறந்தால் புழுதி. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். இருந்தவர்கள்: தலைமை வாத்தியார். படம் போடுகிற டிராயிங் வாத்தியார் (இனிமேல் டி.வா., கை வலிக்கிறது). நிலம் கொடுத்த கொடிக்கால் ராவுத்தர். கூலி வாங்காமல் கட்டடம் எழுப்பிய கொத்தனார் அந்தோணி. என் மகன் ஆறுமுகம், கமிட்டி மெம்பர் என்பதால் நாற்காலியில். மருமகள் பாக்கியம். ஓரகத்தி முறை சொர்ணம். நான். மற்றதெல்லாம் வேடிக்கை.

விஷயம்: புதுக் கட்டடம் ஆனி 17 திறப்பு. பெரிய அதிகாரி வருகிறார். அதற்குள் முன்சுவர் முழுக்கப் படம். பள்ளிக்கூடத்துக்குச் சும்மா உழைத்தவர்கள் எல்லாரும் அதில். ராவுத்தர், அந்தோணி, மண் அடித்த வண்டிக்காரர்கள். சுவருக்குப் பேர்கூட வைத்தாயிற்று, 'கை கொடுத்தவர்கள்'. பிள்ளைகள் செங்கல் இடித்துச் சிவப்பு, நீலம் கரைத்து ஊதா. ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து வர்ணம் பூசலாம்.

கடைசியாக டி.வா. படித்தது: பிடியரிசிக்கு ஒரு பெண் படம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொர்ணமும் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பார்க்காமல் என்ன செய்வார்கள். பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட ஆரம்பித்த நாளிலிருந்து, உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னது நான். சனிக்கிழமைதோறும் நாற்பத்தாறு வீடு, கடகப்பெட்டி தலையில். இரண்டு வருஷம் நாலு மாசம். யார் வீட்டு அரிசியில் கல், யார் குருணையைக் கலக்கிறாள், யார் பிடி குருவிக்குக்கூடப் பற்றாது, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

போன ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல். மூன்று சனிக்கிழமை சொர்ணம் எடுத்தாள். மூன்றே மூன்று.

வெஞ்சனம்: கத்தரிக்காய். உப்புக் கூட.

ஆனி 7, வியாழன்

வாத்தியார்களுக்கு மோர் கொண்டுபோகிற சாக்கில் சுவரைப் பார்க்கப் போனேன். ராவுத்தர் தாடி நன்றாக வந்திருக்கிறது. அந்தோணிக்கு நிஜத்தில் இல்லாத தோள்.

பெண் படம் சொர்ணம்.

சாடை என்று தள்ள முடியாது. இடது கன்னத்து மச்சம் வரைக்கும் சொர்ணம். பச்சைச் சேலை. தலையில் கனகாம்பரம். பெட்டி இடுப்பில். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்பத்தாறு வீடு போய்ப் பார்க்கட்டும் இவர்.

யார் இது என்று கேட்டேன். டி.வா. ஒட்டன்சத்திரத்துப் பக்கம், மரியாதையான ஆள், மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்கம்மா, உங்களை விட்டுப்போட்டு நானா போடலீங்க. திறப்பு விழா, மங்களகரமா இருக்கோணும்னு கமிட்டியில சொன்னாங்க."

புரிந்தது. வெள்ளைச் சேலைக்காரி சுவரில் நிற்கக் கூடாது. பிடியரிசி மட்டும் வெள்ளைச் சேலைக்காரி கையால் வாங்கலாம். பிள்ளைகள் தின்னலாம்.

மிச்ச மோரைக் கொட்டவில்லை. கொட்டலாம் என்று நினைத்தேன்.

ஆனி 8, வெள்ளி

காற்று நிற்கவில்லை. மாடு பால் குறைவு. தூக்கமும் குறைவு. சொர்ணத்தைப் பற்றி ஞாபகம் இருப்பவை:

முறுக்குப் பிழிகிற உழக்கை இரவல் வாங்கிப்போய் நட்சத்திர அச்சைத் தொலைத்துவிட்டு, நான் கொடுக்கும்போதே அது இல்லை என்றது.

என் வீட்டுக்காரர் இறந்ததற்கு இரண்டாம் நாள்தான் வந்தது. வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு அழாமல், வீட்டு உத்திரத்தை அண்ணாந்து பார்த்தது.

ஆறுமுகம் கல்யாணத்தில் என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு ஆரத்தித் தட்டைத் தான் வாங்கிக்கொண்டது. சொன்னவிதம் நயமாகத்தான் இருந்தது. அதுதான் மறக்கவில்லை.

அவள் புருஷன் இருக்கிறான். வேலைக்குப் போவதில்லை, வெற்றிலையை மென்று வாசலெல்லாம் துப்புகிறான், ஆனாலும் இருக்கிறான். இருந்துகொண்டே இருக்கிறான்.

மச்சம்.

ஆனி 9, சனி

பெட்டியோடு அரிசி எடுக்கப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தது. பிள்ளைகள் என்ன பாவம் செய்தன. நாற்பத்தாறு வீட்டிலும் சுவர்ப் பேச்சுதான். போய்ப் பார்த்தியா, சொர்ணம் அப்படியே இருக்கு என்று என்னிடமே சொல்கிறார்கள். பார்த்தேன் என்றேன். சொர்ணம் வீட்டில் கலயம் நிறைய, நல்ல கிச்சிலிச் சம்பா. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆனி 12, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி.

பாக்கியம் தண்ணீர்க் குடத்தை இறக்குமுன்பே சொன்னாள். காலையில் சொர்ணம் தானாகச் சுவருக்குப் போனாளாம். டி.வா.விடம், "எம் முகத்தை அழிச்சுட்டு அக்கா முகத்தைப் போடுங்க சார். நான் எடுத்தது மூணே வாரம். சோத்துல கை வைக்கயில எனக்கே கூசுது" என்றாளாம். மங்களம் கிங்களம் என்று அவர் இழுத்ததற்கு, அரிசிக்கு இல்லாத மங்களமா என்று கேட்டாளாம்.

டி.வா. சரி என்றுவிட்டார்.

சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. குழாயடியில் கூடி நிற்கிறார்கள், நான் போனதும் பேச்சை நிறுத்தக்கூட இல்லை. சொர்ணத்துக்கு எம்புட்டுப் பெரிய மனசு. சொர்ணம் மாதிரி யாருக்கு வரும். சுவரில் இருந்தபோது அவளுக்கு இந்தப் பேர் இல்லை. எனக்கு விட்டுக்கொடுத்து வாங்கிக்கொண்டாள். இரண்டு வருஷம் நாலு மாசம் வெயிலில் நடந்து எனக்குக் கிடைக்காத பேர், அவளுக்கு அரை நாழிகையில்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்லவில்லை. வேண்டும்.

ராத்திரிக்குக் கஞ்சி. பாதி வைத்துவிட்டேன்.

ஆனி 14, வியாழன்

டி.வா. வெயிலில் செத்த நேரம் நிற்கச் சொன்னார். செத்த நேரம் என்றது ஒரு பொழுது. அசையக் கூடாது, பேசக் கூடாது. பேசாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

முகம் மட்டும்தான் மாற்ற முடியும் என்றார். பசையும் வெள்ளை வர்ணமும் தீர்ந்துபோயிற்று, திண்டுக்கல் போய் வாங்க நாள் இல்லை. ஆகவே பச்சைச் சேலை அப்படியே. கனகாம்பரம் அப்படியே. பொட்டு மட்டும் வைக்கவில்லை. வைக்கட்டுங்களா என்று கேட்கவும் இல்லை.

எங்கள் அப்பா மூக்கு எனக்கு என்பார்கள். நம்பியதில்லை. அப்பா மூக்கேதான்.

சாயங்காலம் மாட்டுக்குப் புல் என்று ஒரு தரம் போனேன். அதற்கப்புறம் எந்தச் சாக்கும் இல்லாமல் ஒரு தரம். யாரும் இல்லை. பச்சை எனக்குப் பொருந்தியிருந்தது. இருபத்திரண்டு வயசில் ஒரு பச்சை இருந்தது, இதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. நெற்றிதான் காலியாக இருந்தது. அந்தச் சுவர்க்காரியைப் பார்க்க எனக்கே வயிறு எரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

ஆனி 17, ஞாயிறு

திறப்பு. வாசலில் பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து போட்ட கோலம், தெரு அடைத்து. பிள்ளைகள் கோலாட்டம். மைக் இரண்டு தரம் கத்தி நின்றது. நான் புதுசாகத் துவைத்த சேலை. பாக்கியம் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாள். பக்கத்தில் சொர்ணம் வந்து உட்கார்ந்தாள். சரி, இருக்கட்டும் என்று இருந்தேன்.

அதிகாரி திரையை இழுத்தார்.

ராவுத்தர். அந்தோணி. வண்டிகள். கடைசியில் சுண்ணாம்பு. தலை இல்லை, கழுத்து இல்லை, சேலை இல்லை. முழங்கைக்கு மேலேயும் பெட்டிக்குக் கீழேயும் எல்லாம் வெள்ளை. மிச்சம் இரண்டு கை, ஒரு கடகப்பெட்டி.

அதிகாரி அதன் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றார். மைக்கில், இந்த ஊர்த் தாய்மார்கள் அத்தனை பேருடைய கையும் இது, பேர் வேண்டாத கை, இதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை என்றார். கை தட்டினார்கள். டி.வா. தரையைப் பார்த்தார்.

பேர் வேண்டாத கையா. அந்தக் கையில் எட்டுக் கண்ணாடி வளையல். சொர்ணத்தின் கை. என் முகத்தை அழித்தவர்கள் அவள் கையை விட்டுவைத்திருக்கிறார்கள்.

சொர்ணம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, நான் சொல்லலக்கா. சத்தியமா நான் இல்ல." உதறினேன். அவள் கண்ணில் தண்ணீர். அவளுக்கு எதற்கு வருகிறது.

லட்டு கொடுத்தார்கள். கொண்டுவந்து மாட்டுக்குப் போட்டேன்.

ஆனி 18, திங்கள்

காலையில் டி.வா. வாசலுக்கு வந்தார். உள்ளே வரமாட்டேன் என்றார். தான் அழிக்கவில்லை என்றார். சனிக்கிழமை மத்தியானம் ஒருத்தர் வந்து அழிக்கச் சொன்னார், மாட்டேன் என்றதும் கொத்தனார் வைத்திருந்த சுண்ணாம்பு வாளியையும் பூசுகிற மட்டையையும் அவரே எடுத்துக்கொண்டார் என்றார். யார் என்று கேட்டேன். "வீட்டுலயே கேளுங்கம்மா" என்று போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் பெட்டியோடு தெருவில்.

ஆறுமுகம் சாப்பிட உட்கார்ந்தான். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். அப்புறம் கேட்டேன். ஒளிக்கவில்லை.

"நாந்தான். பச்சச் சீலையும் பூவுமா நீ செவத்துல நின்னா ஊரு என்னா பேசும்? அப்பா செத்து இருவது வருசமாச்சும்மா."

"ஒன்னயக் கேட்டா நான் அரிசி எடுத்தேன்?"

"கமிட்டியிலயும் முன்னயே சொன்னேன். அம்மா படம் வேணாம், வேற ஆளப் போடுங்கன்னு. ஒம் பேருக்குத்தான் செஞ்சேன்."

அப்படியானால் மங்களகரம் என்று முதலில் சொன்னதும் இவன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கிறான். நான் அதே மரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

கையை ஏன் விட்டாய் என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. சுண்ணாம்பு தீர்ந்துபோச்சு என்றான். ரசம் கேட்டான். ஊற்றினேன்.

பாக்கியம் அடுப்படியில் அழுகிறாள். அழட்டும்.

ஊரில் எல்லாரும் நான் சொர்ணத்தோடுதான் பேச மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொர்ணம் இல்லை. டி.வா. இல்லை. அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது. ஆயுசுக்கும் மன்னிக்க முடியாதது ஒரே ஆள், பத்து மாசம் சுமந்து பெற்ற ஆறுமுகம்.