அறுபத்தைந்து வரை மறைத்த நெஞ்சு நோ

அன்பு குறையாத அத்தானுக்கு,

உங்கள் மனைவியின் தம்பி, பென்டில் ஹில்லில் இருக்கும் சபாநடேசன் எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு உங்களைப் புகழ்ந்து எழுதும்படி கேட்டார்கள். நான் எழுதுவது ஒரு முறைப்பாடு. இதை மற்றவர்களும் வாசிக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

அரசாங்க மருத்துவக் காப்புறுதியான மெடிபாங்கின் விதிகள் சென்ற வருடம் மாறியபோது, அதிலேயே இருப்பதா, தனியார் காப்புறுதிக்கு மாறுவதா என்று மெரிலேண்ட்ஸில் உங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து பேசினோம். நீங்கள் எந்த வயதில் ஓய்வு பெறுவது என்பதையும் அன்றே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

"உடம்புக்கு வருத்தம் ஏதும் இருந்தால் இப்பவே சொல்லுங்கோ அத்தான். அதைப் பாத்துத்தான் முடிவெடுக்க வேணும்" என்றேன்.

"எனக்கென்ன வருத்தம்? நீர் இப்பிடி விதி விதியாச் சொல்லிக்கொண்டிருந்தால்தான் தலையிடி வரும்!"

அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான், முழு ஓய்வூதியம் கிடைக்க அறுபத்தைந்து வரை வேலையில் இருங்கள் என்று ஆலோசனை சொன்னேன். அந்த வயதுக்குச் சில மாதங்கள் இருக்கையில், வேலைக்குப் போகும் வழியில், ரெயில் நிலையப் படியிலேயே விழுந்து இறந்து போனீர்கள்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு அக்கா வாய் திறந்தார்.

"ரெண்டு வருஷமா நெஞ்சு நோ இருந்தது தம்பி. படியேறினால் நிண்டு நிண்டுதான் வருவார்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சத்தியம் வாங்கிப்போட்டார். நீ சட்டம் பாக்கிறவன், வேலை செய்யிற கந்தோருக்கு அறிவிக்கச் சொல்லுவாயாம். மெடிக்கல் போர்ட் டொக்டர்மாரைக் கொண்டு சோதிச்சு, வேலையால நிப்பாட்டி வெறுங்கையோட அனுப்பிப்போடுவாங்களாம்."

மெடிக்கல் போர்ட்! கொழும்பில் உங்களோடு வேலை செய்த ஒருவரை அப்படி அனுப்பியதை நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தையுமா கடல் கடந்து கொண்டுவந்தீர்கள்? உங்கள் ஓய்வூதியத் திட்டத்தின் விதி வேறு, அத்தான். நோயினால் வேலை செய்ய இயலாது என்று வைத்தியர்கள் உறுதி செய்தால், அறுபத்தைந்துக்குக் காத்திராமலே ஓய்வூதியம் உண்டு. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

விதி தெரிந்தவன் என்பதற்காகவே என்னிடம் மறைத்தீர்கள். விதியைக் கொண்டு உங்களைக் காப்பாற்ற முயல்வேன் என்று ஒரு கணமும் தோன்றவில்லையா? உங்கள் கண்ணில் நான் யாராக இருந்தேன்? கந்தோரின் ஆளாகவா?

"ஒரு நாளும் வருத்தமெண்டு படுக்காத மனுசன் எண்டு எழுது" என்கிறார் அக்கா. நான் எழுதமாட்டேன். அதை வாசித்து, உங்களைப் போலவே வாய்மூடி இருக்க இந்த ஊரில் இன்னும் பலர் உண்டு.

அவர்களில் ஒருவர் அக்காவே. நேற்று உடுப்புக் கூடையோடு வந்தவர், பாதி வழியில் கதிரையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கேட்டதற்கு, "களைப்புத்தான். எனக்கும் பென்சன் வயசு வரட்டும், பிறகு டொக்டரிட்டைப் பாப்பம்" என்கிறார். இப்படிப் பேச அவரைப் பழக்கியது யார், அத்தான்?

திங்கட்கிழமைக்கு விடுப்பு எடுத்துவிட்டேன். அக்காவை வைத்தியரிடம் நானே கூட்டிச் செல்வேன். வெளியே காத்திருக்கமாட்டேன். உள்ளே போய், அவர் பக்கத்தில் இருந்து, வைத்தியர் சொல்வதை என் காதால் கேட்பேன். அதன் பிறகும் உங்கள் மேலுள்ள கோபம் தீராது. ஆனாலும் உங்கள் மனைவியை உங்களைப் போல் போக விடமாட்டேன்.

நீங்கள் நம்பாமற்போன மைத்துனன்,
சபாநடேசன்